கல் வீட்டில் ஆணி இறங்காது

படுக்கையறைச் சன்னலில் திரை இப்போது விழாமல் நிற்கிறது. அதற்காகச் சுவரில் ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. இதற்கு வந்து சேர்ந்த வழியை எழுதி வைத்தால், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் பழைய கல் வீட்டுக்குக் குடிபோகிற யாருக்காவது ஒரு டிரில் பிட்டாவது மிச்சமாகும்.

வீடு கிருஷ்ணகிரி பழையபேட்டையில். பின்வாசலில் நின்றால் மலைக்கோட்டை தெரியும். வாடகைக்கு விட்ட வீட்டுக்கார அம்மாவுடைய மாமனார் கட்டியது. சுவர் முழுக்க உடைத்த கருங்கல், நடுவில் சுண்ணாம்புக் காரை, மேலே பூச்சு. தலைக்கு மேலே பலகைக்கல். அறையின் அகலத்துக்கு நீளமான கற்களை ஒட்டி ஒட்டி அடுக்கி, மேலே காரை போட்டு மூடியிருக்கிறார்கள். பின்பக்கக் குளியலறை மட்டும் பிற்பாடு ஹாலோ பிளாக்கில் கட்டியது. நாங்கள் கும்பகோணத்திலிருந்து வந்தவர்கள். அங்கே செங்கல் சுவர். சுத்தியலும் ஒரு பொட்டலம் ஆணியும் இருந்தால் குடிபோன அன்றைக்கே காலண்டர், கண்ணாடி, சாமி படம் எல்லாம் சுவரில் ஏறிவிடும்.

இங்கே முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது தெறித்துப் பாத்திரக் கூடைக்குள் போய் விழுந்தது. கான்கிரீட் ஆணி வாங்கி வந்தேன். அது வளையவில்லை, பூச்சில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு வந்தது. சத்தம் கேட்டு வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார்.

“ஏம்பா, ஆணியா அடிக்கிற? கல்லு வாங்காதுப்பா. எங்க மாமனார் காலத்துலருந்து இந்த வீட்டுல காலண்டரு சன்னல் கம்பியிலதான் தொங்குது.”

சரி, டிரில் போட்டுப் பார்ப்போம் என்று ஒரு நாளைக்கு 250 ரூபாய் வாடகையில் இம்பாக்ட் டிரில் எடுத்து வந்தேன். 6 மி.மீ. பிட் ஒன்று 80 ரூபாய். பூச்சு வரைக்கும் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. கல்லைத் தொட்டதும் சத்தமே மாறிவிட்டது. வெள்ளைத் தூள் கொஞ்சம் கொட்டியது. அரை சென்டிமீட்டர் போனபின் மிஷின் அலறுகிறதே தவிர உள்ளே போகவில்லை. எடுத்துப் பார்த்தால் பிட்டின் முனை நீலம் பாரித்து மழுங்கிக் கிடக்கிறது. ஹார்டுவேர் கடைக்காரரிடம் காட்டினேன். “இந்தக் கல்லுக்கு இம்பாக்ட் பத்தாதுண்ணா, ரோட்டரி ஹேமர் வேணும்” என்றார். இம்பாக்ட் டிரில் லேசாகத் தட்டித் தட்டிச் சுற்றும். ரோட்டரி ஹேமர் உள்ளே பிஸ்டன் வைத்துப் பலமாகக் குத்தும், அதற்குப் பிட்டும் வேறு. சாமி படம் மாட்ட அவ்வளவு பெரிய மிஷின் எதற்கு என்று விட்டுவிட்டேன். அதில் இன்னொரு பயமும் உண்டு. பழைய காரையில் உட்கார்ந்திருக்கும் கல்லைக் குத்தி அதிரவைத்தால் சுற்றியுள்ள பூச்சு முழுக்க உதிரும்.

கல்லில் இறங்காவிட்டால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இறங்கலாம். அந்தச் சந்து எங்கே என்று கண்டுபிடிக்க ஐந்து ரூபாய் நாணயம் போதும். நாணயத்தின் விளிம்பால் பூச்சின்மேல் தட்டிக்கொண்டே போக வேண்டும். கல் இருக்கும் இடத்தில் ‘டிக்’ என்று இறுகலாகக் கேட்கும், சந்தில் ‘டப்’ என்று மந்தமாகக் கேட்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தட்டினால்தான் வித்தியாசம் பிடிபடும். மந்தமான இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டே போனால் சுவரில் கல் எப்படி அடுக்கியிருக்கிறது என்பது ஒரு வரைபடமாகத் தெரிய ஆரம்பிக்கும். குறித்த இடத்தில் மெல்லிய ஆணியை லேசாகத் தட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

சந்தில் அதே மழுங்கிய பிட்டே சுலபமாக 2 அங்குலம் போனது. ஸ்குரூ ஏறினால் விரிந்து பிடிக்கும் பிளாஸ்டிக் குழலான ரால் பிளக்கைச் சொருகி, ஸ்குரூ முடுக்கி, பாதி நிரப்பிய வாளியை, அதாவது 10 லிட்டர் தண்ணீரை, மாட்டிவிட்டுத் தூங்கப் போனோம். காலையில் வாளி தரையில், தண்ணீர் கூடம் முழுக்க. சுண்ணாம்புக் காரை இத்தனை வருஷத்தில் விரலால் சுரண்டினாலே உதிரும் பதத்துக்கு வந்திருந்தது. பிளக் விரிந்தாலும் பிடித்துக்கொள்ள எதிரே கெட்டியாக ஒன்றும் இல்லை.

பலித்த முறை பழைய எலக்ட்ரீஷியன்கள் செய்வதுதான். ஓட்டையை 12 மி.மீ. வரை பெரிதாக்கினேன். சைக்கிள் பம்பின் டியூபை உள்ளே விட்டுத் தூளை ஊதி வெளியேற்றினேன். வாயால் ஊதினால் தூள் கண்ணுக்குத்தான் வரும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஓட்டைக்குள் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, கெட்டியான சிமென்டுக் குழம்பைக் குச்சியால் அடைத்து, காய்ந்த வேப்பங்கட்டையில் சீவிய மர ஆப்பை அடித்து இறக்கினேன். ஆப்பில் சுத்தியல் படும் முனை, உள்ளே போகும் முனையைவிடச் சற்றுக் கனமாக இருக்க வேண்டும். இரண்டு நாள் தொடாமல் விட்டு, தினமும் இரண்டு வேளை ஈரத்துணியால் ஒற்றி, அதன் பிறகு ஸ்குரூ. ஆப்பில் முதலில் சின்ன ஓட்டை போட்டுவிட்டு முடுக்கினால் மரம் பிளக்காது. அதே 10 லிட்டர் வாளி இப்போது அசையவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியும் சாமி பட அலமாரியும் இந்த ஆப்புகளில்தான் நிற்கின்றன.

ஒரு ஆப்புக்கு இத்தனை வேலை என்றால் எல்லாவற்றுக்கும் ஆப்பு அடிக்க முடியாது. மற்றதெல்லாம் ஓட்டை இல்லாமல் நிற்க வேண்டும் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

இனி சன்னல். கல் வீட்டில் ஒரு வசதி, சுவர் ஒன்றரை அடி கனம். அதனால் சன்னல் சட்டத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் ஆழமான சுவர் கிடைக்கிறது. அந்த இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவே ஒரு கம்பியை நெருக்கி நிறுத்தினால் ஆணியே வேண்டாம். கடையில் இப்படி ஸ்பிரிங் வைத்த கம்பி விற்கிறார்கள், ஆனால் எங்கள் சன்னலின் 41 அங்குலத்துக்குச் சரியாக நீட்டினால் நடுவில் ஆடுகிறது. நானே செய்தேன்.

முதலில் பி.வி.சி. பைப்பில். நல்ல கனமான பருத்தித் திரையை மாட்டியதும் நடுவில் வில்லாக வளைந்து, முனை நழுவி விழுந்தது. பி.வி.சி. இந்த வேலைக்கு ஆகாது. சேலம் சாலையில் ஒரு பழைய இரும்புக் கடையில் அரை அங்குல ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) துண்டு 120 ரூபாய்க்குக் கிடைத்தது. கூடவே 12 மி.மீ. போல்ட், 3 அங்குல நீளத்தில் ஒன்று, அதற்கு ஒரு நட்டு. நாற்காலிக் காலுக்குப் போடும் 22 மி.மீ. ரப்பர் புஷ் இரண்டு. இவ்வளவுதான் சாமான். மொத்தம் 200 ரூபாய்க்குள்.

பைப்பை ஆக்சா பிளேடால் 39 அங்குலத்துக்கு அறுத்து, முனையை அரத்தால் தேய்த்துக்கொள்ள வேண்டும். ஒரு முனையில் நேராகப் புஷ். மறு முனையில்தான் சூட்சுமம். போல்ட்டில் நட்டைத் தலைவரைக்கும் ஏற்றி, போல்ட்டின் மரைப் பக்கத்தைப் பைப்புக்குள் விட வேண்டும். போல்ட் உள்ளே தாராளமாகப் போகும், நட்டு பைப்பின் வாயில் உட்கார்ந்து நின்றுவிடும். போல்ட் தலைக்கு இன்னொரு புஷ்ஷை மாட்டினால் அளவெடுத்தது போலப் பிடித்துக்கொள்ளும். இப்போது கம்பியைச் சன்னலில் இடத்தில் வைத்து, 19-ம் நம்பர் ஸ்பேனரால் நட்டைப் பைப் பக்கமாகத் திருகினால், நட்டுக்கு நகர இடமில்லாததால் போல்ட்தான் வெளியே நகரும். இரண்டு புஷ்ஷும் சுவரை நெருக்கும். கையால் இறுகும்வரை திருகி, அதற்கு மேல் ஸ்பேனரில் அரைச் சுற்று போதும்.

நான் ஒன்றரைச் சுற்று திருகினேன். புஷ் அழுத்திய இடத்தில் பூச்சு வட்டமாகப் பெயர்ந்து, கம்பி சரிந்தது. பிறகு இரண்டு பக்கமும் 2 அங்குலச் சதுரப் பிளைவுட் துண்டு வைத்து அதன்மேல் புஷ்ஷை நெருக்கினேன். அழுத்தம் பரவிவிடுகிறது, பூச்சு தாங்குகிறது. துண்டுக்குச் சுவரின் நிறத்தையே அடித்துவிட்டேன், பார்த்தால் தெரியாது. திரையை இழுத்து மூடும்போது அதிர்வதால் மாதம் ஒருமுறை நட்டைக் கையால் சோதித்துக்கொள்கிறேன். இதே ஏற்பாட்டைக் குறுகலான குளியலறையிலும் துணி போட வைத்தேன். அங்கே ஹாலோ பிளாக் சுவர், டிரில்லே போட்டிருக்கலாம். ஆனால் கை பழகிவிட்டது.

துணி காயப்போடக் கொடி கட்டுவது இந்த ஊரில் சுலபம். தோட்டத்து வேலி முதல் தொழுவம் வரை கல்லையே நட்டுவைக்கிற ஊர். எங்கள் பின்வாசலில் ஆளுயரத்துக்கு இரண்டு கல்கால் ஏற்கெனவே நின்றன, கம்பியை முறுக்கிக் கட்டியதோடு முடிந்தது. செருப்பு வைக்க மாம்பழ மண்டியில் ஓரம் உடைந்த பிளாஸ்டிக் கிரேட் இரண்டு, 150 ரூபாய். ஒன்றின்மேல் ஒன்றைக் கவிழ்த்துக் கட்டிவிட்டேன்.

சமையலறைக்குச் சாமான் தாங்கி வேண்டியிருந்தது. இங்கே கிரானைட் பட்டறைகளில் அறுத்து மிஞ்சிய துண்டுகளை வாசலிலேயே போட்டிருப்பார்கள். ஓரம் நேராக இல்லாத, 3 அடிக்கு 1 அடி, 18 மி.மீ. கனத் துண்டுகள் இரண்டு 300 ரூபாய்க்குத் தந்தார்கள். ஒரு துண்டு 13, 14 கிலோ இருக்கும். தூக்கும்போது தட்டையாகத் தூக்காதீர்கள், நடுவில் முறியும். எப்போதும் நிறுத்திவைத்த மாதிரியே தூக்க வேண்டும். பட்டறையில் இருந்த பெரியவர் சொன்னது இது, நான் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

நீளம் 16, அகலம் 8, கனம் 4 அங்குலமுள்ள சிமென்டு சாலிட் பிளாக் நான்கு வாங்கி, உயரவாக்கில் நிறுத்தி, இரண்டு அடுக்காகக் கட்டினேன். பிளாக்கும் கல்லும் தொடும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தால் கல் ஆடாது. பழைய தரை மட்டமாக இருக்காது. ரசமட்டம் இல்லாததால் பாதித் தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்துக் குமிழி நடுவில் வரும்வரை அடியில் டைல்ஸ் சில்லு கொடுத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை மேல் கல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றபோதுதான் வயிற்றைக் கலக்கியது. 8 அங்குல ஆழமே உள்ள பிளாக்கின்மேல் பிளாக், நடுவே பூச்சு எதுவும் கிடையாது, உச்சியில் 14 கிலோ கல். அன்றைக்கே மேலடுக்கை இறக்கி, ஒரே உயரத்தில் இரண்டு தனித்தனி மேடையாகப் போட்டுவிட்டேன். இடம் கொஞ்சம் அடைக்கிறது, பரவாயில்லை.

குழாய் சமாச்சாரம் வேறு கதை. போர்வெல் தண்ணீர் அவ்வளவு உப்பு. குடிக்க ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீர் வருகிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஜப்பான் கடனுதவியோடு அந்தத் திட்டமே வந்தது, 2013-ல் பயன்பாட்டுக்குத் திறந்தார்கள். போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காய்ச்சினால் கொஞ்சம் உப்பு பாத்திரத்தில் படியும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும்.

குளியலறைப் பித்தளைக் குழாய் இரவெல்லாம் சொட்டியது. கழற்ற வேண்டுமானால் தண்ணீரை நிறுத்த வேண்டும். கேட் வால்வு உப்புப் பிடித்து இறுகிக் கிடந்தது. அதை ரெஞ்சு போட்டுத் திருகினால் தண்டு முறிந்து, சொட்டுவது ஓடுவதாகிவிடும். அதனால் மொட்டைமாடி டேங்க்கில் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்து, துணி சுற்றிய ஒரு கட்டைத் துண்டை உள்பக்கமிருந்தே வெளிக்குழாய் வாயில் திணித்தேன். கட்டையில் கயிறு கட்டி வெளியே விட்டிருந்தேன், இல்லாவிட்டால் எடுப்பது பெரும்பாடு.

குழாய்த் தலையைக் கழற்றி வாஷர் மாற்றினேன். 5 ரூபாய் வாஷர். மாட்டிய அன்று சொட்டவில்லை, மறுவாரம் சொட்டியது. மறுபடி கழற்றினால் புது வாஷரில் வளையமாக ஒரு வெட்டு. விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது: வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பில் உப்பு சொரசொரப்பாகப் பிடித்திருக்கிறது. எத்தனை வாஷர் போட்டாலும் அது வெட்டிக்கொண்டேதான் இருக்கும். எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) 30 கிராமை அரை லிட்டர் சுடுதண்ணீரில் கரைத்து, துணியில் நனைத்து உள்ளே அடைத்தேன். நுரைத்துக்கொண்டு உப்பு இளகியது. பிறகு பென்சில் முனையில் உப்புத்தாளைச் சுற்றிச் சுழற்றித் தேய்த்து, கழுவி, வாஷர் போட்டேன். இந்த முறை வாஷரை லாரி டியூபில் நானே வெட்டினேன். சொட்டு நின்றுவிட்டது.

மிச்சக் கரைசலைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஷவர் முகத்தை அதில் மூழ்கும்படி ரப்பர் பேண்டால் கட்டி ஒரு மணி நேரம் விட்டால் அடைத்த துளையெல்லாம் திறந்துகொள்கிறது. அதற்கு மேல் விட்டால் குரோம் பூச்சு மங்கும். வீட்டுக்கார அம்மா பழைய புளியைப் போட்டுத் தேய்க்கச் சொன்னார். பித்தளை பளபளக்கப் புளிதான் நல்லது, துளைக்குள் இருக்கும் உப்புக்கு அது பத்தாது. கழிவறை கழுவும் ஆசிட்டை மட்டும் குழாய்ப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

எலுமிச்சை உப்புக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. சமையல் மேடை கடப்பாக் கல். கழற்றிய குழாய்த் தலையை அதன்மேல் ஊறவைத்தேன். துளி சிந்திய இடத்தில் வெள்ளையாகத் தடம் விழுந்துவிட்டது. கடப்பாக் கல் சுண்ணாம்புக் கல், புளிப்பு பட்டால் அரிக்கும். பக்கத்திலேயே நம்மூர் கிரானைட் துண்டில் சிந்தியதைத் துடைத்தால் போய்விட்டது. கல் என்று பார்த்தால் இரண்டும் கறுப்புதான். தேங்காயெண்ணெய் தடவித் தடத்தை மறைத்து வைத்திருக்கிறேன். சுவரின் காரைக்கும் இதே கதிதான், அங்கேயும் சிந்தக் கூடாது.

கரன்ட் வேலை எதிலும் நான் கைவைக்கவில்லை. பழைய வயரிங், ஆள் வைத்தே பார்த்தோம்.

அடுத்த வீட்டில், அதுவும் கல் வீடாக இருந்தால், டிரில் வாடகையையும் பிட்டையும் விட்டுவிட்டு நேராக நாணயத்தில் தொடங்குவேன். சந்தில் ஓட்டை போட உளியும் சுத்தியலுமே போதும். கம்பிக்குப் பிளைவுட் துண்டை முதலிலேயே வைப்பேன். குழாய்க்கு வாஷர் வாங்கும் முன் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பேன்.

முடியாமல் நிற்பது கூரை. இரண்டு பலகைக்கல் சேரும் இடத்தில் 7 அடி நீளத்துக்கு ஒரு சந்து ஒழுகுகிறது. சிமென்டுப் பால் ஊற்றினேன். பகலில் கல் சூடேறி விரியும், இரவில் சுருங்கும். விறைத்துப்போன சிமென்டு அதோடு போகாமல் மயிரிழையாக விட்டுவிட்டது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு இப்போது பாதிச் சந்தில் இழுபடும் தன்மையுள்ள பாலியூரிதேன் சீலன்ட் அடித்திருக்கிறேன், ஒரு டியூப் 350 ரூபாய். மறு பாதியை வயதான கொத்தனார் ஒருவர் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பும் மணலும் குழைத்து அடைத்தார், அரை நாள் கூலி 600. சீலன்டைப் பார்த்துவிட்டு, “ரப்பரை வெச்சு வீடு கட்டுறீங்களா?” என்று சிரித்தார். சந்தின் இரண்டு முனையிலும் சாக்கட்டியால் குறி போட்டிருக்கிறேன். ஐப்பசி மழையில் எந்தப் பக்கம் ஒழுகவில்லையோ, மிச்சச் சந்துகளுக்கும் அதையே செய்வதாக அவரிடமே சொல்லியிருக்கிறேன்.